மொதல்லருந்து அண்ணனும் திராட்சைச் சங்கமும்

பாதி முடித்த வேலையைச் சந்தோஷமாகக் கலைத்துப் போடக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் மொதல்லருந்து அண்ணன். கலைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார மாட்டார். முகம் மலர, "ம்... மொதல்லருந்து!" என்பார். வருகைப் பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. டீக்கடைக்காரர் முதல் முதலாளி வரை யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

தேனியில் ஓர் ஏலக்காய்க் கடையின் மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். சென்னையில் இருந்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றின் கிளை. வேலைக்குச் சேர்ந்த அன்றே, "போர்ட்லெட்டுன்னா என்னண்ணே?" என்று அவரிடம் கேட்டேன்.

"ஒரு வெப் பக்கத்த வீடுன்னு வச்சுக்க ஆத்தா. மார்க்கெட் வெலைக்கு ஒரு ரூம்பு, மழை நெலவரத்துக்கு ஒரு ரூம்பு, அறிவிப்புக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணுலயும் தனிக் குடித்தனம். ஒருத்தன் அடுப்பு அணைஞ்சாலும் அடுத்தவன் சோறு வேகணும். அந்தக் குடித்தனந்தான் போர்ட்லெட்டு."

இவ்வளவு அழகாகச் சொன்னவர், அந்தக் குடித்தனத்தை என் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பதற்குள் எனக்கு வேலையே வெறுத்துவிட்டது. ஜாவா போட வேண்டும். புரோகிராம் எழுத எக்லிப்ஸ் போட வேண்டும். அதில் சர்வரைக் கோக்க வேண்டும். பிறகு புது புராஜெக்ட் திறந்து பெயர் வைக்க வேண்டும். நடுவில் எங்காவது ஒரு சிவப்புப் பெருக்கல் குறி தலைகாட்டினால் போச்சு. என்ன பிழை என்று வாசித்துக்கூடப் பார்க்காமல் ஃபோல்டரோடு அழித்துவிடுவார்.

"பக்கத்து மெஷின்ல நல்லா ஓடுதேண்ணே. அதக் காப்பி பண்ணிக்கிருவமே?" என்றேன் பொறுக்க முடியாமல்.

"அடுத்த வீட்டு உலையத் தூக்கியாந்து நம்ம அடுப்புல வெப்பியா?" என்றார்.

ஆபீசோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் முடி வெட்டிக்கொள்ளப் போனவர், ஒரு பக்கம் கொஞ்சம் ஏறி இறங்கி இருக்கிறது என்று கண்ணாடியில் கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் பளபளக்கும் மொட்டைத் தலையோடு வந்து உட்கார்ந்தார். "பழநிக்கா போயிட்டு வந்தீக?" என்று கீழ்க்கடை ஏலக்காய்க்காரர் பக்தியோடு கேட்டார். "இல்லண்ணே, மொதல்லருந்து" என்றார் இவர், தலையைத் தடவிக்கொண்டே.

இப்படி ஒருவரை நம்பித்தான் அந்த வருடம் என் பிழைப்பு நின்றது. திராட்சை விவசாயிகள் சங்கம் ஒன்றுக்கு, இப்படிப் பல குடித்தனங்கள் சேர்ந்த வெப் பக்கம், அதாவது போர்ட்டல், செய்துகொண்டிருந்தோம். சங்கம் அதை ஏற்றுக்கொள்ளாவிட்டால் தேனி ஆபீசை மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். மற்றவர்களுக்குச் சென்னையில் நாற்காலி உண்டு. என் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு நான் எங்கே போவது? ஆபீஸ் போனால் என் வேலையும் போனது. இது அண்ணனுக்குத் தெரியும்.

காமயகவுண்டன்பட்டியில் சங்கத்துக் கூட்டம். லேப்டாப்பைத் திரையோடு இணைத்தோம். மழை நிலவரம் வந்தது, அறிவிப்பு வந்தது. விலை நிலவரம் வர வேண்டிய கட்டத்தில் மட்டும் 'தற்காலிகமாக இல்லை' என்று வந்து நின்றது. முந்தின நாள் வரை ஓடிய கட்டம் அது.

"பழைய ஸ்கிரீன்ஷாட் எதையாவது காட்டிச் சமாளிங்கய்யா" என்று முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். அண்ணன் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, சுமார் நூறு விவசாயிகள் பார்த்துக்கொண்டிருக்க, புராஜெக்ட் மொத்தத்தையும் அழித்தார்.

"அழிச்சிட்டியா? எல்லாத்தையுமா?" முதலாளி லேப்டாப்பை எட்டிப் பார்த்தார்.

"எழுதின புரோகிராம் கோடு பென்டிரைவ்ல இருக்கு சார். மத்ததெல்லாம் மொதல்லருந்து."

முன்வரிசையில் இருந்த சங்கத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "என்னத்தா பண்றாக அவுக?"

"எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிக்கிறாகய்யா" என்றேன், அழுகையை அடக்கிக்கொண்டு.

"அட, கவாத்தா? அப்படிச் சொல்லு!" என்றார் அவர்.

திராட்சையில் அறுவடை முடிந்ததும் கொடியை ஒட்ட வெட்டிவிடுவார்கள். அப்போதுதான் புதுத் தளிரோடு பூவும் வரும். அதுதான் கவாத்து. வெட்டிவிட்டுக் காத்திருப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் அந்த ஹாலில் இருந்தார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை. நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். "இப்ப எந்தக் கட்டம்ணே?" என்று ஒருவர் கேட்டார். "சர்வர் ஏறுது" என்றார் அண்ணன். "நல்லா ஏறட்டும், அவசரப்படாதீக" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. முதலாளி மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் விலைக் கட்டம் திறந்தது. கைதட்டலை எதிர்பார்த்து நிமிர்ந்தேன். "ஏலே, இது நேத்து வெலையால்ல இருக்கு!" என்று ஒருவர் எழுந்தார். "எந்த ஊர் வெலைய்யா இது?" என்று இன்னொருவர் பாய்ந்தார். ஹாலே விலையைப் பிடித்துச் சண்டை போட ஆரம்பித்தது. திரையில் வந்ததை நிஜ விலை என்று எடுத்துக்கொண்டால்தானே சண்டை போடுவார்கள்? போர்ட்டல் பாஸாகிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

"வெலை தெனம் மாறுமே, நீங்க சென்னையில உக்காந்து பாத்தா சரிப்படுமா?" என்று கேட்டார் தலைவர். முதலாளி வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "இந்தா, இந்தப் பிள்ளை தேனியிலயே இருந்து பாத்துக்கிரும்யா. ஆள் இங்கன இருந்தாத்தான் சரி."

"அப்ப அந்தப் பிள்ளைய இங்கனயே வச்சுக்கங்க. அப்பத்தான் எங்களுக்குச் சம்மதம்" என்றார் தலைவர். முதலாளி தலையாட்டினார். வேறு வழி?

என் வேலையை என் கையில் கொடுத்துவிட்டு, அண்ணன் வேறொரு புராஜெக்டுக்காகச் சென்னைக்கு மாறிப் போய்விட்டார். இப்போது அவர் நாற்காலிக்கு யார் யாரோ வருகிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் எல்லோரையும் சார் என்றே கூப்பிடுகிறேன். அண்ணன் என்று கூப்பிட எனக்கு வீட்டில் ஆள் கிடையாது. அந்த வார்த்தை அவருக்கே இருக்கட்டும்.