பாக்கெட் அண்ணாச்சி மாடி ஏறிய மதியம்

தூத்துக்குடியில் யாருக்காவது இன்டர்நெட் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால், அவர் இன்னும் பாக்கெட் அண்ணாச்சி கையில் சிக்கவில்லை என்று பொருள்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் எங்கள் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கம்ப்யூட்டர்களைக் கவனிப்பவர் அவர். இயற்பெயர் ஆதார் அட்டையில் மட்டும் இருக்கிறது. "நெட் வரல அண்ணாச்சி" என்றால், நெட்டுக்கு முன்னால் விளக்கம் வந்துவிடும். வெளிநாட்டு மெயில் கடலுக்கு அடியில் கேபிள் வழியாகப் போகிறது என்று ஒரு புன்னைக்காயல் படகுக்காரரிடம் சொல்லப்போக, அவர் பதறிவிட்டார்: "எங்க வலையில மாட்டுனா எங்களயா புடிப்பாங்க?"

ஒருமுறை மேனேஜர் வாயைக் கொடுத்தார். "மெயிலு எப்படிவே கண்ணச் சிமிட்டுறதுக்குள்ள சிங்கப்பூர் போவுது?"

மேசையில் கிடந்த கடிதத்தை அண்ணாச்சி ஆறாகக் கிழித்தார். ஒவ்வொரு துண்டிலும் விலாசமும் வரிசை எண்ணும் எழுதி எங்கள் ஆறு பேரிடம் கொடுத்தார். "இதுதான் பாக்கெட்டு. ஆளுக்கொரு தெருவாப் போங்க. துறைமுக வாசல்ல வரிசையா ஒட்டுவோம்."

ஐந்து துண்டுகள் வந்தன. நாலாம் நம்பர் பரோட்டா கடையில் உட்கார்ந்துவிட்டது.

"பாத்தீங்களா? வராத பாக்கெட்ட மட்டும் திருப்பிக் கேட்டு வாங்கிக்கிடும். அதான் இன்டர்நெட்டு!"

"வே, அது ஒரிஜினல் லெட்டருவே!" என்று மேனேஜர் தலையில் கைவைத்தார்.

போன வருஷம் அண்ணாச்சியின் மனைவிக்கு, எங்கள் மதினிக்கு, புற்றுநோய் முற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். ஒரே மகள் கனடாவில் நிறைமாதக் கர்ப்பிணி. விமானம் ஏற முடியாது. கட்டிலுக்கு அருகே லேப்டாப்பை வைத்தார் அண்ணாச்சி. பகலெல்லாம் மகள் அதில் இருந்தாள்.

ஒரு மதியம் பார்க்கப் போயிருந்தேன். வெளியே பேய்க்காற்று. மதினிக்கு மூச்சு திணறிக்கொண்டிருந்தபோது திரையில் மகளின் முகம் அப்படியே நின்றுவிட்டது. அந்த வீட்டுக்குள் செல்போன் சிக்னலும் கிடையாது.

"மாடியில ஒயர் கழண்டிருக்கும். நீ இவ பக்கத்துல இருலே, இந்தா வாரேன்" என்று ஓடினார்.

சில நிமிடங்களில் திரை அசைந்தது. "அம்மா!" என்று மகள் கூப்பிட்டாள். மதினி கண் திறந்து அவளைப் பார்த்தார். உதடு லேசாக அசைந்தது. அப்புறம் அடுத்த மூச்சு வரவில்லை.

மேலேயிருந்து குரல் கேட்டது. "ஏலே, லைன் வந்துட்டா?"

"வந்துட்டு அண்ணாச்சி" என்றேன்.

கையெல்லாம் தூசியோடு சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்.

காரியம் முடிந்து ஆபீசுக்கு வந்தவர் விளக்கம் சொல்வதை விட்டுவிட்டார். வருவார், சரிசெய்வார், போய்விடுவார். மேனேஜரே வலியப் போய்க் கேட்டுப் பார்த்தார்: "இந்தப் பாக்கெட்டுக்கெல்லாம் எப்படிவே வழி தெரியுது?"

"தெரியும் சார்" என்பதோடு முடித்துக்கொண்டார்.

ஒருநாள் சாப்பிடும்போது என்னிடம் மட்டும் கேட்டார். "நான் கீழயே இருந்திருக்கணும்லா?"

"நீங்க ஏறலன்னா பிள்ள அம்மாவப் பாத்திருக்க மாட்டா அண்ணாச்சி."

சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "அது சரிதான். ஆனா நான் பாக்கலயே."

அன்று முதல், மதியம் அவர் வந்து எதிரே உட்காரும்வரை என் சாப்பாட்டு டப்பாவை நான் திறப்பதில்லை.