உப்பில் ஊறிய பாஸ்போர்ட்

ஊரே அழுது வழியனுப்பி வைத்தவன், மறுநாள் காலை அதே ஊர் டீக்கடையில் போய் நின்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். செத்தவன் எழுந்து வந்தால்கூட நாலு பேர் பயப்படுவார்கள். எனக்கு அதுவும் கிடைக்கவில்லை.

2005. மரக்காணம் பஜாரில் அத்தாவுக்குப் பெயிண்ட், ஆணி விற்கிற கடை. நான் சூழலியல் படிக்க ஸ்வீடன் போவது முடிவானபோது தெருவில் யாருக்கும் புரியவில்லை. சவுதி போனவர்கள் உண்டு, துபாய் போனவர்கள் உண்டு. பறவை பார்க்கப் போனவன் கிடையாது.

"கொக்கு பாக்கறதுக்கு எதுக்குடா பிளேன் ஏறணும்? நம்ம உப்பளத்துல இல்லாத கொக்கா?" என்றார் அத்தா.

"கொக்கு மட்டும் இல்லத்தா, மொத்த இயற்கையும்" என்றேன். (அப்போது அப்படித்தான் பேசுவேன். கொசு உட்கார்ந்தால்கூட அடிக்க மாட்டேன், ஊதி விடுவேன்.)

எனக்காகப் பேசியது அம்மாவின் தம்பி ஜாபர் மாமா ஒருவர்தான். சவுதியில் தம்மாமில் வேலை, லீவில் வந்திருந்தார். வெளிநாட்டுப் பயணம் என்றால் எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். இடுப்பில் கட்டும் ரெக்சின் பை ஒன்றைக் கொடுத்து, "பாஸ்போர்ட்ட இதுல வெச்சு சட்டைக்குள்ள கட்டிக்க. போய்ச் சேர்ற வரைக்கும் கழட்டாத. தூங்கறப்பவும் கழட்டாத" என்றார்.

கிளம்புகிற நாள் வந்தது. மதியம் வேன், மாலையில் விமானம். காலையிலிருந்தே எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பெட்டியைப் பூட்டினேன், திறந்தேன், மறுபடி பூட்டினேன். வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். "எங்கியாவது போயிட்டு வாண்ணா, எனக்குத் தலை சுத்துது" என்றாள் தங்கை பர்வீன். முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று சைக்கிளை எடுத்தவன், சலூனைத் தாண்டி உப்பளத்துக்குப் போய்விட்டேன்.

கடைசிப் பாத்திக்கு அப்பால் சில பூநாரைகள் நின்றன. அவற்றிடம் சொல்லாமல் நாட்டைவிட்டுப் போவது எனக்குத் துரோகமாகப் பட்டது. வரப்பில் நடந்தேன். அவை நகர்ந்தன. நானும் நகர்ந்தேன். வரப்பு முடிந்த இடத்தில் வெள்ளையாகக் காய்ந்திருந்த தரையில் கால் வைத்தேன். தரை இல்லை. இடுப்பு வரைக்கும் சேறு. எழுந்திருக்கக் கையை ஊன்றினேன், மார்பு வரைக்கும் போனேன்.

நான் போட்ட கூச்சலில் பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்து, நீளக் கம்பை நீட்டி இழுத்துப் போட்டார்கள். ஒரு செருப்பு திரும்பி வரவில்லை.

"ஏம்பா, அங்க எதுக்கு எறங்கின?"

"பறவை பாக்கண்ணே."

"பாத்துட்டியா?"

ஒரு பறவைகூட மிச்சமில்லை. அசட்டுச் சிரிப்போடு சைக்கிளில் ஏறும்போதுதான் இடுப்பில் ஏதோ கனத்தது. பையின் ஜிப்பை இழுத்தேன். பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

வீடு நிறையச் சொந்தக்காரர்கள். மாமா பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். பர்வீன் அதைத் துணிக்குள் வைத்து இஸ்திரி போட்டாள். அதில் என் போட்டோ பொங்கி, எனக்கு அத்தாவின் வயதாகிவிட்டது. விசா எழுத்து மை கரைந்து பக்கத்துத் தாளுக்குக் குடிபோயிருந்தது.

"ஆளு இவன்தானே, அப்பறம் என்ன?" என்றாள் அம்மா. நல்லபடி போய்ச் சேர துஆ ஓதினார்கள். அம்மா அழுதாள். அம்மாவைப் பார்த்துத் தெருவே அழுதது. ஈ.சி.ஆர். நெடுக மாமா பாஸ்போர்ட்டை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காயவைத்துக்கொண்டே வந்தார். யாரோ நிறுத்தச் சொல்கிறார்கள் என்று நினைத்து ஒரு லாரிக்காரர் பிரேக் போட்டார்.

விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டை விரித்ததும் அவர் கீபோர்டில் ஏதோ உதிர்ந்தது.

"என்னங்க இது?"

"உப்பு மேடம்."

மேலதிகாரி ஒருவரைக் கூப்பிட்டார். அவர் என் போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இத வெச்சு ஏத்த முடியாது தம்பி. அங்க எறங்கினா அடுத்த பிளேன்லயே திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார். கெஞ்சினேன். பறவைகளைப் பற்றிக்கூடச் சொல்லிப் பார்த்தேன். நடக்கவில்லை.

பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா இன்னும் கையாட்டிக்கொண்டிருந்தாள். நான் கிட்டே வர வர, அந்தக் கை மெல்ல மெல்ல நின்றது.

திரும்பும் வழியில் வேனில் மாமா, "பை நல்ல பைதான்" என்றார்.

மறுநாள் டீக்கடையில், "என்ன சலீமு, அதுக்குள்ள படிச்சு முடிச்சிட்டியா?" என்றார் ஒருவர். "குளுரு அதிகமோ?" என்றார் இன்னொருவர்.

ஸ்வீடன் பல்கலைக்கழகத்தில் என் இடத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைத்தார்கள். அந்த ஒரு வருடமும் நான் வீடு தங்கவில்லை. சைக்கிளில் பெருமுக்கல் போவேன், மலை ஏறுவேன், இறங்குவேன். எதிரில் வருகிறவர்கள் எல்லாம் "எப்ப போற?" என்றே கேட்டார்கள்.

2006-இல் உண்மையாகவே கிளம்பினேன். வழியனுப்பத் தெரு வரவில்லை. ஒருமுறை அழுதது போதும் என்று நினைத்திருக்கலாம். அம்மாவின் கண்ணிலும் ஒரு சொட்டு இல்லை. "போயி எறங்கிட்டு போன் பண்ணு. அப்பறமா அழுவறேன்" என்றாள்.

இறங்கியதும் போன் செய்தேன்.

"வெளிய வந்துட்டியா? யாரும் திரும்பிப் போகச் சொல்லலியே?"

"இல்லம்மா."

அதற்கப்புறம் அவள் அழுத அழுகையில் என் போன் கார்டு தீர்ந்துவிட்டது.

இன்றைக்கும் அப்படித்தான். லீவு முடிந்து நான் கிளம்பும்போது அம்மா சிரித்த முகமாகக் கதவைச் சாத்திவிடுகிறாள். பர்வீன்தான் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் எறங்கலம்மா, கொஞ்சம் பொறு" என்று சொல்லிக்கொண்டே இருப்பாளாம்.