முனீஸ்வரனுக்கு இருமல் இல்லை

நைரோபியில் உட்கார்ந்து ஏழு நாட்டு ஆராய்ச்சியைக் கட்டி மேய்க்கும் மாப்பிள்ளை இளவரசு அவர்களுக்கு, திருப்பாதிரிப்புலியூர் மாமா திருநாவுக்கரசு ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே காயத்ரியும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் காயத்ரி கண்ணில் பட்டுவிடும் என்றுதான் உங்கள் ஆபீசுக்குக் கடிதமாகப் போடுகிறேன்.

புகையிலைச் சட்டத்தை இறுக்கச் சொல்லி ஏழு நாட்டுக் கணக்கையும் ஒன்றாக்கி அரசாங்கங்களிடம் கொடுக்கப் போகிறோம், கடலூர் ஜில்லாவை நீங்கள் பாருங்கள், ஆனால் சுருட்டைத் தொடக்கூடாது என்று சொல்லித்தான் இந்தப் பொறுப்பைக் கொடுத்தீர்கள். அடுத்த மாதம் அங்கே நடக்கும் கூட்டத்துக்கு எங்கள் இருவருக்கும் டிக்கெட்டும் போட்டுவிட்டீர்கள். பேத்தியை இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறேன். "சுருட்டு நாத்தத்தோட புள்ளைய தூக்கக் கூடாதுப்பா" என்று காயத்ரி கறாராகச் சொல்லிவிட்டாள். நானும் விட்டுவிட்டேன். அது நிற்க.

சர்வேக்கு வீடுகளைப் பொறுக்குவது கம்ப்யூட்டர். அது பாழாய்ப்போக, என் வீட்டையே பொறுக்கிவிட்டது. சிதம்பரத்திலிருந்து வரும் நம் சர்வேப் பெண் எழிலரசி, பீரோ மேல் இருந்த சுருட்டுக் கட்டைப் பார்த்து யாருக்கு என்று கேட்டது. குலதெய்வம் முனீஸ்வரனுக்குப் படைக்க வாங்கியது என்றேன். அது பாட்டுக்குப் புகைப்பவர் பெயர் முனீஸ்வரன் என்று பாரத்தில் போட்டுவிட்டு, மேலே மேலே கேட்டது. வயது, தெரியாது. எப்போது தொடங்கினார், ஆதியிலிருந்து. இருமல் இளைப்பு, கிடையாது. நிறுத்த விருப்பமா, இதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை. என்னம்மா அநியாயம் இது என்றால், "நீங்கதான சார் சொன்னீங்க, வீட்ல சொல்றத அப்படியே எழுதணும், நம்ம கருத்த சேக்கக் கூடாதுன்னு" என்கிறது. பயிற்சி கொடுத்தது நான்தான், யாரை நோவது?

அந்தப் பாரம் ஏழு நாட்டுக்கும் போய்விட்டது. ஆதியிலிருந்து புகைத்தும் இருமல் இல்லாத ஆளை விஞ்ஞானம் கண்டதில்லையாம், பிரேசில் டாக்டரம்மா ரத்தம் எடுக்க வேண்டும் என்கிறார். தாய்லாந்துக்காரர் நல்ல மனிதர், பேசிப் பேசியே பழக்கத்தை விட வைக்கிறேன் என்று முனீஸ்வரனின் போன் நம்பர் கேட்கிறார். உருகுவேக்காரர்தான் விவரமானவர். இப்படி ஒரு ஆள் அறிக்கையில் இருந்தால் சிகரெட் கம்பெனி வக்கீல் கோர்ட்டில் இவரைத்தான் தூக்கிக் காட்டுவான், சட்டம் அம்போ என்று தலையில் கை வைத்துவிட்டார். நீங்கள் வராத அந்த வீடியோ கூட்டத்தில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவர் ஊரில் இல்லை, சேத்தியாத்தோப்புப் பக்கம் காவலுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லித் தொலைத்தேன். இந்த மாதக் கடைசியில் சிதம்பரத்தில் ரூம் போட்டு நேரில் பார்க்க வருகிறார்களாம்.

ஆகவே மாப்பிள்ளை, அந்த ஒரு பாரத்தை எப்படியாவது நீக்கிவிடுங்கள். சாமி குற்றம் வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். முனீஸ்வரனைத் தவிர இந்த வீட்டில் புகைப்பவர் யாரும் இல்லை, சத்தியம். பேத்தியைக் கையில் வாங்கினால்தான் எனக்கு உயிர் வரும்.

குலம் தழைத்து, ஏழு நாடும் உங்கள் சொல் கேட்டு நடக்க ஆசீர்வதிக்கும்,
மாமா திருநாவுக்கரசு

பி.கு.: மாப்பிள்ளைக்கு அத்தை கொளஞ்சியம்மாள் எழுதுறேன். கவர ஒட்டச் சொல்லிக் குடுத்தாரு, படிச்சிப் பாத்தேன். எங்க குலதெய்வம் அம்மன். கூழு ஊத்துவோம், சுருட்டெல்லாம் கெடையாது. இப்ப ஒங்க மாமா கொல்லப் பக்கம் போயிருக்காரு, இருமுற சத்தம் வாசலுக்குக் கேக்குது. பாரத்த நீக்க வேணாம், திருத்துனா போதும். வயசு அறுபத்தி மூணு. இருமல் உண்டு. டிக்கெட்ட மட்டும் கேன்சல் பண்ணிடாதீங்க. நிறுத்த விருப்பமான்னு கேட்ட எடத்துல, பேத்தி போட்டோவப் பாக்கும்போதெல்லாம் உண்டுன்னு எழுதிக்குங்க.