ஆறுக்கு மேல் ஏறாத கம்பி

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருஷன் எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்பளவில் சௌக்கியம். அங்கேயும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன். இல்லையென்றாலும் இதை முழுக்கப் படித்துவிட்டு டாக்டரிடம் போங்கள். போனில் சொல்லாமல் தாளில் எழுதுவதற்குக் காரணமே போன்தான்.

என் பெண்ணுக்கு, அதாவது உங்கள் மருமகளுக்கு, உங்கள் ஊர்க் கம்பெனியில் வேலை கிடைத்ததைச் சொன்னேன் அல்லவா? வீட்டிலிருந்தே பார்க்கலாமாம், ஆனால் இன்டர்நெட் வேகம் பத்து இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்துவிட வேண்டும் என்கிறாள். அவள் பஸ் ஏறினால் இறங்கும்வரை எனக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்காது என்பது உங்களுக்கே தெரியும். லைன்மேன் வந்து மீட்டரை மாட்டினார், உதட்டைப் பிதுக்கினார். ஆறு. எங்கள் மொட்டைமாடியில் நின்றால் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் சுவரில் ஒட்டிய போஸ்டரைப் படிக்கலாம், ஆனால் கம்பி ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மரக்கடை எல்லாம் சுற்றி மூன்று கிலோமீட்டர் வருகிறதாம், செம்புக் கம்பியில் தூரம் கூடக்கூட வேகம் தேய்ந்துவிடுமாம். அப்படியானால் அங்கிருந்தே கொஞ்சம் பலமாக அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். மனுஷன் பதறிவிட்டார். ஒரே கேபிளுக்குள் ஐம்பது வீட்டுக் கம்பி ஒட்டிக்கொண்டு வருகிறது, ஒன்று கத்தினால் பக்கத்துக் கம்பிக்குக் காது அடைத்துவிடும், அதனால் இவ்வளவுக்கு மேல் பலம் கூடாது என்று சட்டமே இருக்கிறது என்றார். சட்டம் என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்த ஐம்பதில் ஒன்று மாடிவீட்டுப் பல் டாக்டருடையது. வெள்ளிக்கிழமை கம்பெனி எங்கள் லைன் வேகத்தை டெஸ்ட் எடுக்கும் பத்து மணிக்கு மட்டும் உங்கள் மோடத்தை அணைத்து வையுங்கள் என்று அவரிடம் கெஞ்சினேன். இத்தனை நாள் தன் லைன் விட்டு விட்டு வந்ததற்கு நான்தான் காரணமா என்று கேட்டார். மேலிடத்துக்கு எழுதிப் போடப் போகிறாராம். நான் என்ன திருடினேன், மச்சான்? சமையலறை எக்ஸ்டென்ஷன் போனும் வேகத்தைத் தின்னும் என்று யாரோ சொல்ல, அந்த ஒயரை நானே கத்தரித்தேன். இப்போது ஹால் போனும் செத்துக் கிடக்கிறது, உங்கள் தங்கை என்னோடு பேசுவதில்லை, படியில் டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டால் நான் பாத்ரூமுக்குள் போய்விடுகிறேன்.

ஆகவே உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அந்தக் கம்பெனி மேனேஜரைப் பார்த்து, பெண் கெட்டிக்காரி, கம்பிதான் மந்தம் என்று எடுத்துச் சொல்லி, ஆறுக்கே சம்மதிக்க வையுங்கள். நீங்கள் போனது அவளுக்குத் தெரிய வேண்டாம். உங்கள் வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் ஒரு குறையுமில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: ஸ்டாம்ப் தேடி அவள் மேஜையைத் திறந்தேன். கம்பெனித் தாள் இருந்தது. வேகம் நாலு போதும் என்று அச்சடித்திருக்கிறது. கூப்பிட்டுக் கேட்டேன். "பத்துன்னு நான்தாம்பா சொன்னேன். எனக்கு அங்க போயி இருக்கணும். நேரா கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?" என்றாள். விட்டிருக்க மாட்டேன். அதனால் மேனேஜரைப் பார்க்க வேண்டாம். உங்கள் தெருவிலேயே அவளுக்கு ஓர் அறை பாருங்கள். உங்கள் வீடு வேண்டாமாம், தனியாகத்தான் வேண்டுமாம். உங்கள் தங்கைக்கு இன்னும் சொல்லவில்லை. அறைக் கதவின் தாழ்ப்பாளை மட்டும் நீங்களே உள்ளே நின்று போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.