இசக்கிக்கு வெள்ளையடித்த சாயங்காலம்

கருப்பு என்று வருகிற இடத்தையெல்லாம் அடித்துவிட்டுப் பார்த்தபோது, சுபாஷின் நாடகத்தில் வணக்கமும் நன்றியும்தான் மிச்சம் இருந்தன.

மேலகரம் தாண்டிக் குற்றாலம் போகிற ரோட்டில் புதிதாகக் கட்டிய ரிசார்ட்டின் பின்னறை அது. தலையணை உறைகளுக்கும் பிளாஸ்டிக் வாளிகளுக்கும் நடுவில் சுபாஷ் உட்கார்ந்திருந்தார். வெளியே சாரல் விட்டுவிட்டு விழுந்தது. புல்வெளியில் மேடை போட்டு, திறப்பு விழாவுக்கு நாற்காலி பரப்பிக்கொண்டிருந்தார்கள்.

சுபாஷும் இசக்கியப்பனும் பழைய படக் காமெடிகளை மேடையில் செய்து காட்டுகிறவர்கள். கோயில் கொடை, காதுகுத்து, கடை திறப்பு என்று எதற்கும் போவார்கள். சுபாஷ் திட்டுவார், இசக்கி வாங்குவான். திட்டு முழுக்க ஒரே திட்டுதான். கரிச்சட்டி, தார் டின், அடுப்புக்குள் விழுந்த அப்பளம். கடைசியில் இசக்கி முகத்தில் மை பூசி, இடுப்பில் வேப்பிலை கட்டிக்கொண்டு ஆப்பிரிக்க ராஜாவாக வருவான். "ஜிம்பா ஜம்பா" என்று குதிப்பான். சனம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். இத்தனை வருடத்தில் இந்த நாடகம் சறுக்கியதே இல்லை.

ரிசார்ட் அப்துல் மஜீதினுடையது. கடையநல்லூர்க்காரர், வெகுகாலம் துபாயில் இருந்தவர். அங்கே தமிழர் விழா நடத்துகிற கமிட்டியில் அவர் வைத்ததுதான் சட்டம். இன்றைக்கு நிகழ்ச்சி பிடித்துவிட்டால் பெருநாள் கழிந்து இருவரையும் துபாய்க்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். சுபாஷ் பாஸ்போர்ட் எடுத்து வைத்துப் பல வருடம் ஆகிறது. அதில் ஒரு முத்திரைகூட விழவில்லை. செங்கோட்டை தாண்டிப் புனலூர் போய்வந்ததுதான் இதுவரை அவர் கண்ட வெளிநாடு.

மத்தியானம்தான் மஜீதின் மகள் நிலோபர் வந்து அந்தக் குண்டைப் போட்டாள். ரிசார்ட்டை இனி நடத்தப்போவது அவள். இவர்களுடைய வீடியோவை யூடியூபில் முதல்நாள்தான் பார்த்திருக்கிறாள்.

"நெறத்த வச்சுப் பண்ற காமெடி மட்டும் வேண்டாம் அண்ணாச்சி."

"நாங்க உண்டாக்கினது இல்லம்மா. எல்லாம் பழைய படத்துல வந்தது. இன்னைக்கும் டிவியில போடுதான்."

"டிவியில போட்டா சரின்னு ஆயிருமா?"

சென்னையில் அவளோடு ஒரு நைஜீரியாப் பெண் படித்தாளாம். அவள் நடந்துபோனால் பையன்கள் பின்னாலிருந்து இதே ஜிம்பா ஜம்பாவைச் சொல்லுவார்களாம். நிலோபரும் சிரித்திருக்கிறாள். ஒருநாள் அந்தப் பெண் வந்து, அவர்கள் சொல்கிற வார்த்தைக்குத் தமிழில் என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறாள். அது அவள் ஊர்ப் பாஷை என்றல்லவா இவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நிலோபர் அன்றைக்கு ஹாஸ்டலில் சாப்பிடவில்லையாம்.

கேட்க சுபாஷுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. துபாய் போகமுடியாது என்பது அதைவிடச் சங்கடமாக இருந்தது.

நிலோபர் அவர் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தாள். "ஒருத்தர மேடையில நிக்க வச்சு ஊரே சிரிக்குது. உங்களுக்கே கஷ்டமா இல்லையா?"

சுபாஷுக்கு இசக்கியின் முகம் ஞாபகம் வந்தது. கஷ்டம்தான் என்றார். அவள் கண் கலங்கிப் போய்விட்டாள்.

அடித்த தாளை மடித்து வைத்துவிட்டு சுபாஷ் இசக்கியைத் தேடிப் போனார். அவன் சமையல் பந்தலில் சுடச்சுட வடை தின்றுகொண்டிருந்தான். இத்தனை நாளாகத் திட்டுகிறோமே, மனசில் ஏதும் வைத்திருக்கிறாயா என்று கேட்டார்.

"எனக்கென்ன அண்ணாச்சி வருத்தம்? நீங்க பாட்டுக்குத் திட்டுங்க. எனக்கு அதுல ஒரு கொறையும் இல்ல."

"இத அப்படியே அந்தப் பிள்ளைட்ட போய்ச் சொல்லுலே."

இசக்கி போனான். திரும்பி வரும்போது கையில் ஜூஸ் இருந்தது. அந்தப் பிள்ளை ரொம்ப மரியாதை என்றான். சுபாஷைக் கண்டு பயமா என்று கேட்டாளாம். பயமெல்லாம் இல்லை, அண்ணாச்சி பாவம், அவர் மனசு நோகக் கூடாது என்று இவன் சொன்னானாம். அதைக் கேட்டதும் ஆப்பிரிக்க ராஜாவும் கூடாது என்றாளாம். போதாததற்கு, தானே முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கப்போகிறாளாம்.

"ஒன்னைய அனுப்புனதுக்கு நான் சும்மா இருந்திருக்கலாம்லே."

"ஜூஸ் குடிக்கீங்களா?"

சுபாஷ் பழைய தாளை எடுத்தார். கருப்பு இருந்த இடத்திலெல்லாம் வழுக்கை என்று போட்டார். நன்றாகத்தான் வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் மஜீது தன் அண்ணன் தம்பிகளோடு குத்துவிளக்குப் பக்கம் நிற்கிறார். சாரலில் நாலு தலையும் பளபளவென்று இருந்தன. வழுக்கையை அடித்துவிட்டுக் குண்டு என்று போட்டார். சிறப்பு விருந்தினர் காண்டிராக்டர் வேல்சாமி காரிலிருந்து இறங்கினார். அவர் இறங்கி முடிக்கிறவரை சுபாஷ் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதையும் அடித்தார்.

மைக் செட் ஜோஷ்வா வயர் இழுத்துக்கொண்டு வந்தான். இவர்களுடைய எல்லா நிகழ்ச்சிக்கும் அவன்தான் மைக் செட். இன்னும் என்ன யோசனை, கூப்பிடுகிறார்கள் என்றான். அந்த அவசரத்தில்தான் சுபாஷுக்கு மூளை வேலை செய்தது.

"கருப்புன்னு சொன்னாத்தான தப்பு? வெள்ளைன்னு சொல்லுவோம். எவனுக்கு என்ன நட்டம்?"

"வெள்ளையா இருக்கணும்லா அண்ணாச்சி," என்றான் இசக்கி.

"ஆக்கிருவோம்."

பவுடர் டப்பாவை இசக்கியின் தலையில் கவிழ்த்தார். முகம், கழுத்து, காது, புறங்கை என்று ஒரு இடம் பாக்கியில்லை. இசக்கி தும்மினான். தும்மிய இடத்தில் மறுபடியும் பூசினார். மீசை இருந்த இடம் தெரியவில்லை. ஜோஷ்வா வாசலில் நின்று பார்த்துவிட்டு வயரை இழுத்துக்கொண்டு போனான்.

மேடையில் இசக்கி கால் வைத்ததும் முன்வரிசையில் ஒரு பிள்ளை வீரிட்டு அழுதது. அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சுபாஷ் மைக்கைப் பிடித்தார்.

"ஏலே வெள்ளையா, ஒன்னையப் பெத்தாகளா, சுண்ணாம்புச் சட்டியில முக்கி எடுத்தாகளா?"

யாரும் சிரிக்கவில்லை. தேங்காய்ப்பூ என்றார், அரிசி மாவு என்றார், ரேஷன் கடைச் சீனி என்றார். பின்வரிசையில் ஒருவர் ரேஷன் சீனி இப்போது அவ்வளவு வெள்ளையாக வருவதில்லை என்று பக்கத்து ஆளிடம் சொன்னது மேடைவரை கேட்டது. வேல்சாமி கண்ணை மூடிவிட்டார். நிலோபருக்கு மட்டும் முகம் இறுகிக்கொண்டே வந்தது. கருப்பான ஆளை வெள்ளை வெள்ளை என்று சொல்வது அதைவிடக் கொடுமை என்று அவள் நினைப்பது நன்றாகத் தெரிந்தது.

மஜீது கொட்டாவி விட்டார். பிறகு செல்போனை எடுத்தார்.

அந்தக் கொட்டாவியில் துபாய் போகிற விமானம் தன்னை விட்டுவிட்டுப் புறப்படுவதை சுபாஷ் கண்ணால் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் யோசித்துப் பேசவில்லை. வாய் தன் பழக்கத்துக்குப் போய்விட்டது.

"நிறுத்துலே கரிச்சட்டி. கரண்டு போனா ஒன்னைய எங்கனலே தேடுதது?"

மஜீது தலையை நிமிர்த்தினார். பிறகு பந்தல் பிய்த்துக்கொண்டு போவதுபோல ஒரு சிரிப்பு. தார் டின்னே என்றார். நாற்காலிகள் பின்னால் சாய்ந்தன. அடுப்புக்குள் விழுந்த அப்பளமே என்றார். வேல்சாமி முழித்து, என்ன ஏது என்று தெரியாமலே குலுங்கினார். மஜீது செல்போனைக் கீழே போட்டுவிட்டுத் தொடையில் அடித்தார். இசக்கி பவுடர் பொம்மை மாதிரி அசையாமல் நின்றான். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த நிலோபர் கடைசியில் துப்பட்டாவை வாயில் திணித்தாள். அதையும் மீறிக்கொண்டு வந்தது.

அந்திச் சாரலில் இசக்கியின் பவுடர் கரைந்து சட்டையில் ஒழுகிக்கொண்டிருக்க, இருவரும் கும்பிட்டு இறங்கினார்கள். ஆப்பிரிக்க ராஜா வரவில்லை. அவரை யாரும் கேட்கவும் இல்லை.

மஜீது பின்னறைக்கே வந்து சுபாஷின் கையைப் பிடித்துக்கொண்டார். "பெருநாள் கழிஞ்சு கெளம்புறோம் தம்பி. ஒரு வார்த்தைய மாத்தாதீங்க. அந்த வெள்ளைக்காரன் வேசம்தான் உச்சம். அதையும் வச்சுக்கிடுங்க."

அவர் போனபிறகு நிலோபர் வந்தாள். கண் மை கன்னம்வரை வந்திருந்தது. வேறு யாரையும் பார்க்காமல் நேரே சுபாஷிடம் வந்தாள்.

"வேண்டாம்னு சொன்னதும் நான்தான். சிரிச்சதும் நான்தான். மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி."

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். இசக்கி முகம் கழுவக் குழாயடிக்குப் போனான். சுபாஷ் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினார். மனசு நிறைந்திருந்தது. துபாயில் என்ன சட்டை போடுவது என்றுகூட யோசித்துவிட்டார். ஆனால் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஜோஷ்வா வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் கேட்டார்.

"ஏலே, அந்தப் பிள்ள மன்னிப்புக் கேக்கணும்னா இசக்கிட்டல்லா கேக்கணும்? எங்கிட்ட எதுக்குக் கேக்கா? அதுகூடப் போட்டும். இசக்கி இன்னைக்குக் கருப்பாவே இல்லியே. சுண்ணாம்படிச்ச செவுரு மாதிரில்லா நின்னான். அவனக் கரிச்சட்டின்னா இந்தச் சனம் எதுக்குலே அப்படிச் சிரிச்சுது?"

ஜோஷ்வா வயரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இசக்கி எந்த நெறத்துல நின்னா என்ன அண்ணாச்சி? இத்தன வருசமா ஊரு சிரிக்கது, அவனவிடக் கருப்பா இருக்க நீங்க அவனப் பாத்துக் கருப்புங்கீங்களே, அதுக்குத்தான."