வேடு கட்டிய மிஷின்

"இனிமே இந்த வாசப்படியை ஒரு மெக்கானிக் மிதிக்கப்படாது!"

ஐப்பசி மழை ஜன்னலை அறைந்துகொண்டிருந்தது. கையில் ஸ்குரு டிரைவரோடு என் கணவர் அனந்தபத்மநாபன் சபதம் செய்தார். சபதம் செய்கிற ஆண்களை எனக்குப் பிடிக்காது. செய்துவிட்டு உடனே சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். இவரும் உட்கார்ந்தார்.

சபதத்துக்குக் காரணம், துணி உலர்த்தும் மிஷின். ஓடும். உறுமும். நான் ரசத்துக்குப் புளி கரைத்து முடிப்பதற்குள் நின்றுவிடும்.

ஸ்ரீரங்கத்தில், காவேரிக்குப் பக்கத்தில், மூன்றாவது மாடி ஃப்ளாட். அடைமழையில் எந்தத் துணி காயும்? இவருக்கோ தினம் காலையில் மடி வேஷ்டி வேண்டும். துவைத்துக் காய்ந்தபின் இவர் எடுக்கிற வரைக்கும் வேறு மனுஷக் கை படாத வேஷ்டி. அதற்காகத்தான் மிஷினே வாங்கியது. வந்து இறங்கிய அன்றே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"கொடியிலயாவது காக்கா வந்து உக்காரும். இதுக்குள்ள யாரு வரா? கொடியை விட இதுதான் மடி."

அருமையான தீர்ப்பு. மிஷினுக்குத்தான் புரியவில்லை. அது நின்றால் யாராவது பட்டனை அமுக்கியாக வேண்டும். உள்ளே மடி வேஷ்டி இருப்பதால் இவர்தான் அமுக்க வேண்டும். நடுவில் பேப்பரைத் தொட்டிருப்பார், செருப்பைத் தொட்டிருப்பார். ஆகவே போய்த் தீர்த்தமாடிவிட்டு வந்து அமுக்குவார். மிஷின் ஓடும், நிற்கும். மறுபடியும் தீர்த்தமாடுவார். வேஷ்டியும் காயவில்லை, இவர் தலையும் காயவில்லை. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிதான் காய்ந்தது.

பாங்கில் ஆடிட் பார்த்து ரிட்டையர் ஆனவர். தன்னைத் தவிர யாரையும் நம்ப மாட்டார். முதல் சந்தேகம் கரண்ட் மேல் விழுந்தது. "வோல்டேஜ் பத்தலை" என்று ஃபிரிட்ஜை நிறுத்தினார். பால் திரிந்தது, மிஷின் நின்றது. அடுத்த சந்தேகம் கதவு. "சரியா மூடிக்கலை, அதான்" என்று ஒரு நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து அதில் என்னை உட்கார வைத்தார். உட்கார்ந்தேன். அப்போதும் நின்றது.

"வெயிட் பத்தலையோ?" என்றார், என்னைப் பார்த்து.

கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பற்றி அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு சந்தோஷத்தில் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் விட்டேன். மறுநாள் கேட்டேன்.

"ஏன்னா, வடிகட்டியில பஞ்சு அடைச்சிண்டிருக்கா பாத்தேளா?"

"பாத்தாச்சு. சுத்தமா இருக்கு."

"சூட்டுக் காத்து வெளிய போறதா?"

"நீ கான்வென்ட்ல படிச்சது இங்கிலீஷ்."

"நீங்க படிச்சது பி.காம்."

"அக்கவுண்ட்ஸ் படிச்சவனுக்கு எது உள்ள வரது, எது வெளிய போறதுன்னு தெரியும்டி."

வீடு முழுக்க ஈரம். ஊஞ்சல் சங்கிலியில் பாவாடை, ஃபேன் இறக்கையில் பனியன். டி.வி.யில் செய்தி பார்க்க வேண்டுமானால் என் ரவிக்கையை விலக்கிப் பார்க்க வேண்டும். அலமாரியைத் திறந்தால் பழைய சாக்கு வாசனை. என்னையே பிழிந்து கொடியில் போட்டால் தேவலை என்றிருந்தது.

இந்த அழகில் ஐப்பசி மூலம் வந்தது. மணவாள மாமுனிகள் திருநட்சத்திரம். உத்தர வீதி மண்டபத்தில் கோஷ்டியாக உட்கார்ந்து பாசுரம் சேவிப்பார்கள். இத்தனை வருஷம் கடைசி வரிசையில் வாயசைத்துக்கொண்டிருந்தவரை, "ஸ்வாமி, இந்தத் தடவை தேவரீர்தான் ஆரம்பிக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து குளியலறையில் ஒத்திகை. குளிப்பதற்குத்தான் காரணம் நிறைய இருந்ததே!

திருநட்சத்திரத்துக்கு முதல் நாள் மத்தியானம் மிஷினைத் திறந்து வேஷ்டியைத் தொட்டுப் பார்த்தார். சொதசொதவென்று இருந்தது.

"ஈர வேஷ்டியோட போய் முன்னாடி உக்காரப்படாது. நான் போகலை, அரவிந்தம். வேற யாராவது ஆரம்பிக்கட்டும்."

எனக்குப் பாவமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. போகாவிட்டால் நாளெல்லாம் ஸ்குரு டிரைவரோடு வீட்டில் இருப்பாரே!

அந்த நேரத்தில்தான் பக்கத்து ஃப்ளாட்டிலிருந்து டெல்பின் கூப்பிட்டாள். திருச்சி கான்வென்ட்டில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றாக முட்டி போட்டவள்.

"அரவி! இங்க வந்து பாருடி, உங்க வீட்டுக்காரர் பண்ணி வச்சிருக்கற கூத்தை!"

போனேன். அவள் பின்பக்க பால்கனியிலிருந்து பார்த்தால் எங்கள் சுவர் தெரியும். மிஷினின் சூடு வெளியேற ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் வாயில் பழைய வேஷ்டிக் கிழிசலைப் போட்டு, சணல் கயிற்றால் இறுக்கி, ஆவக்காய் ஜாடிக்குக் கட்டுகிற மாதிரி ஒரு வேடு! பக்கத்திலேயே டெல்பின் சமையலறை விசிறி. அதிலிருந்து நெத்திலி வறுக்கிற வாசனை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மிஷினுக்கு மூச்சு முட்டுகிறது. சூடு போக வழியில்லாமல், எரிந்து தொலைக்கக் கூடாதே என்று அது தானாக நின்றுகொள்கிறது. இந்த வீட்டில் இங்கிதம் தெரிந்த ஒரே ஜீவன் அதுதான்.

நேரே வந்தேன்.

"குழாய்க்கு எதுக்கு வேடு கட்டினேள்?"

"மீன் வாசனை உள்ள வந்துடுத்துன்னா? வேஷ்டி மடி போயிடும்."

"காத்து வெளியதான்னா போறது! எப்படி உள்ள வரும்?"

"மிஷின் நின்னா வருமே?"

"கட்டினதாலதான் நிக்கறது!"

"நிக்கறதாலதான் கட்டி வச்சிருக்கேன்!"

"மிஷின் வந்த அன்னிக்கே கட்டியிருப்பேள், அப்போ நிக்கலையே!"

"அதுக்குப் பேர் முன்ஜாக்கிரதை."

ஆடிட்காரரோடு யார் பேச முடியும்? அவர் அந்தப் பக்கம் போனதும் எங்கள் பால்கனியிலிருந்து கையை நீட்டி நானே அவிழ்த்தேன். திரும்பி வந்தவர் பார்த்துவிட்டு, இன்னொரு துணியும் சேர்த்து இரண்டு மடிப்பாக, இரண்டு முடிச்சாகக் கட்டிவிட்டுத் தூங்கப் போனார்.

குறட்டை கேட்டதும் வேஷ்டியை வாளியில் போட்டுக்கொண்டு டெல்பின் வீட்டுக்கு ஓடினேன். அவளிடமும் அதே கம்பெனி மிஷின். குழாய்க்கு வாய் திறந்தபடி, மகாராணி மாதிரி ஓடுகிறது.

"மடி வேஷ்டியா? எங்க வீட்லயா?" கண்ணை விரித்தாள். "அடுப்புல நெத்திலி இருக்குடி!"

"அது அடுப்புல இருக்கட்டும். இது மிஷின்ல இருக்கட்டும். ரெண்டும் பேசிக்காது."

"அவருக்குத் தெரிஞ்சா?"

"சொன்னாத்தானே தெரியும்? ஆனா பொய்தான். மனசு உறுத்தறது."

"ஞாயித்துக்கிழமை நான் சர்ச்சுல பாவசங்கீர்த்தனத்துக்குப் போறேன். உன்னோடதையும் சேத்துச் சொல்லிடறேன், விடு."

வேஷ்டி சுடச்சுட, மொடமொடவென்று வந்தது. கொண்டுவந்து எங்கள் மிஷினுக்குள் போட்டு, கதவைச் சாத்தி, பட்டனை அமுக்கினேன். வழக்கம்போல் ஓடியது. வழக்கம்போல் நின்றது. அந்தச் சத்தத்தில் இவர் எழுந்து, தீர்த்தமாடிவிட்டு வந்து திறந்தார்.

"அரவிந்தம்! காஞ்சுடுத்துடி!"

முகத்தோடு அணைத்து முகர்ந்து பார்த்தார்.

"ஆஹா! என்ன பரிமளம்! நம்ம மிஷினுக்குன்னே ஒரு வாசனை!"

நெத்திலியை ஒரு சுவர் தள்ளி வைத்தே தாங்காத மூக்கு அது.

மறுநாள் மண்டபத்தில் இவர்தான் ஆரம்பித்தார். கணீரென்று இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கே கண் கலங்கிவிட்டது. அந்த வேஷ்டி எங்கே காய்ந்தது என்று தெரிந்த ஒரே ஆத்மா அங்கே நான்தான். பெருமாளுக்கும் தெரியும். அவர் காட்டிக்கொடுக்கிறவர் இல்லை.

அதற்கப்புறம் நான் ராஜ்ஜியத்தை எடுத்துக்கொண்டேன். "நீங்க மடியா கோயிலுக்குப் போயிட்டு வாங்கோ. பட்டனை நான் பாத்துக்கறேன், துணியைத் தொட மாட்டேன்" என்றேன். அவர் கோயிலுக்குப் போவார், வாளி டெல்பின் வீட்டுக்குப் போகும். ஊஞ்சல் சங்கிலி காலியாயிற்று. டி.வி.யில் செய்தி தெரிந்தது. முப்பது வருஷம் ஆடிட் பார்த்தவரை ஒரு வாளியில் போட்டுச் சுமக்கிறேனே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இவரும் மெச்சிக்கொண்டிருந்தார், தன்னை. வருகிறவர், போகிறவர் எல்லோரிடமும் ஒரே பேச்சு. "ஒத்தை வேடு கட்டினவரைக்கும் நின்னுண்டே இருந்தது. டபுளா கட்டினேன், அன்னியோட சரியாப் போச்சு. சூடு உள்ளயே தங்கணும் ஓய், அதான் சூட்சுமம்."

பேசட்டும் என்று விட்டேன். பேச்சில் என்ன போகிறது?

நேற்று டெல்பின் மிஷினில் என் பட்டுக்கரை ஒன்பது கஜப் புடவை, படுக்கை விரிப்பு, இவருடைய வேஷ்டிகள் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அது ஓடுகிற சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி. காபியோடு உட்கார்ந்தேன். இவர் கோயிலிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். எங்கள் பின்பக்க பால்கனிக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து, கையில் மிச்சச் சணல் கயிற்றோடு வந்தார். முகத்தில் அப்படி ஒரு கருணை.

"பாவம்டி உன் சிநேகிதி. அவ குழாய் வாயைத் திறந்தபடியே போட்டிருக்கா, நமக்கு எட்டற தூரத்துலதான் இருக்கு. பக்கத்து ஆத்துக்காரா, சொல்லிக்காட்ட வேண்டாம்னு நானே டபுள் வேடு கட்டிட்டேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்றது.