பிப்ரவரி மாதத்து சீ வ்யூ

விசாலாக்ஷியை மெட்ராஸுக்கு அனுப்பிவிடுவது என்று ஜம்புநாதன் தீர்மானம் பண்ணிவிட்டான். ஆனால் 'போகிறேன்' என்று அவள் வாயால் சொல்லவேண்டும். இவன் துரத்தினான் என்று பெயர் வரக்கூடாது. மாமனார் ரிடையர்டு முன்சீப். குறுக்கு விசாரணை செய்தே மனுஷனைச் சாகடித்துவிடுவார்.

அவள்மேல் பெரிய குற்றம் ஒன்றும் கிடையாது. அமெரிக்காவில், எடிசன் ஊர் அபார்ட்மென்ட்டில் மூன்று வருஷமாகச் சமைத்தாள், துவைத்தாள், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஆபீஸ் பார்ட்டியில் அவள் இங்கிலீஷைக் கேட்டு நாலு பேர் சிரித்ததிலிருந்து, அவளை எங்கேயும் அழைத்துப்போவதை அவன் நிறுத்திவிட்டான். கார் ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டாள். "நீ எங்கே போகப்போறே?" என்றான். தனியாக இருந்தால் எவ்வளவு நிம்மதி என்று ஒருநாள் தோன்றியது. அப்புறம் தினமும் தோன்றியது.

ஆகவே 1986 பிப்ரவரியில், புத்தியுள்ள எவனும் கடல் பக்கம் தலைவைக்காத குளிரில், அவளை ஹாலிடேக்கு அழைத்துப்போனான். நியூ ஜெர்சி கடற்கரையிலேயே மட்டமான ஓட்டலாகத் தேடிப் பிடித்திருந்தான். நாலு நாள் விறைத்தால், தானே "என்னை ஊருக்கு அனுப்பிடுங்கோ" என்று அழுவாள்.

ஓட்டல் வாசலில் 'சீ வ்யூ' என்று போர்டு. வ்யூவைப் பார்த்தால் 'சீ' என்றுதான் சொல்லத் தோன்றியது. சாம்பல் நிறக் கடல். ஆளில்லாத மணல். பூட்டிய ஐஸ்கிரீம் கடை. விசாலாக்ஷி வாயிலிருந்து அந்த ஒரு 'சீ' வந்துவிட்டால் போதும்.

"ரூம் எப்படி?" என்றான் ஆவலோடு.

"சமுத்திரம் தெரியறதே!"

"ஜன்னல் சரியா மூடலை, பாத்தியா?"

"ஆமாம். அலைச் சத்தம் நன்னாக் கேக்கறது."

"ஹீட்டர் வேலை செய்யலை."

"செய்யறதே. கடகடங்கறது."

"சத்தம்தான் வரது. சூடு வரலையே!"

"சத்தமாவது வரதே. நம்மாத்துல அதுவும் கிடையாது."

பதிலுக்கு அவனுக்குத் தும்மல்தான் வந்தது.

மறுநாள் அவனுக்கு நல்ல ஜுரம். அவள் போர்வையையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு நடுங்கினான். வெந்நீர் கொண்டுவரக் கீழே போனவள் திரும்ப வெகுநேரம் ஆயிற்று. கையில் இஞ்சி டீ.

"யார் குடுத்தா?"

"சாரதாபென். ஓட்டல் அவாளோடதுதான். குஜராத்தி. ஆம்படையான் தவறிப்போயிட்டார். பிள்ளை டெக்ஸஸ்ல தனியா மோட்டல் வெச்சுண்டு போயிட்டான். பாவம், ஒண்டியா அல்லாடறா."

"உன் இங்கிலீஷ் அவளுக்குப் புரிஞ்சுதா?"

"இங்கிலீஷ் எதுக்கு? ஹிந்தியில பேசினோம்."

"உனக்கு ஹிந்தி தெரியுமா?"

"பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணியிருக்கேன். நீங்க கேட்டதில்லையே."

டம்ளரை வைத்துவிட்டு மறுபடியும் கீழே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் யாரோ சிரிக்கிற சத்தம் மாடிவரை கேட்டது. யார் இப்படிச் சிரிக்கிறது என்று ஜம்புநாதன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். தன் பெண்டாட்டி என்று கண்டுபிடிக்க நேரமாயிற்று. வீட்டில் அந்தச் சத்தத்தை அவன் கேட்டதே இல்லை. ஜுரத்தைவிட அதுதான் அவனை அதிகமாகப் படுத்தியது.

அதற்கடுத்த நாள் போர்வையோடு படியில் இறங்கிப் பார்த்தான். ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால் விசாலாக்ஷி. போன் அடித்தது. "குட் மார்னிங், சீ வ்யூ!" என்றாள். மீன் பிடிக்க வந்திருந்த வெள்ளைக்காரக் கிழவர் சாவியை நீட்டி, "தேங்க் யூ, விசா!" என்றார். முழுப்பெயர் அவர் வாயில் நுழையவில்லை. அந்த விசாவுக்கு விசா வாங்கி அழைத்துவந்தவன் படியில் நிற்பதை யாரும் கவனிக்கவில்லை.

கிளம்புகிற அன்று காலை, இனி சுற்றி வளைத்துப் பயனில்லை என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"விசாலம், இந்தக் குளிர் உனக்கு ஒத்துக்கலைன்னா... கொஞ்ச நாள் மெட்ராஸ்ல..."

"எனக்கு ஒத்துக்கறது. உங்களுக்குத்தான் ஒத்துக்கலை."

"இல்லை, உன் நல்லதுக்காக..."

"என்னை ஊருக்கு அனுப்பிடப்போறதா போன மாசம் உங்க ஃப்ரெண்டுகிட்ட போன்ல சொன்னேளே. நான் பக்கத்துல உக்காந்து கீரை ஆஞ்சுண்டிருந்தேன். எனக்கு இங்கிலீஷ் பேசத்தான் தடுமாறும். கேட்டா எல்லாம் புரியும்."

ஜம்புநாதன் ஷூ லேஸ் கட்டக் குனிந்தான். குனிந்தவன் நிமிர மனசில்லாமல் அப்படியே இருந்தான். அவள் அழுதிருந்தாலாவது சமாதானம் சொல்லியிருக்கலாம். அவள் ஓட்டல் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"சாரதாபென் என்னை இங்கேயே இருக்கச் சொல்றா. ரூம் உண்டு, சம்பளம் உண்டு. கார் ஓட்டவும் கத்துக்குடுக்கறேன்னா. நான் சரின்னுட்டேன்."

"உங்கப்பா என்னை என்ன நினைப்பார்?"

"நேத்தே பேசிட்டேன். மாப்பிள்ளைதான் அழைச்சுண்டு வந்து வேலையில சேர்த்துவிட்டார்னு சொன்னேன். பெரிய மனசுன்னு உங்களைக் கொண்டாடறார்."

ஒரு பெட்டிதான் காரில் ஏறியது. அவன் பெட்டி. நினைத்தபடி தனியாகத்தான் வீட்டுக்குப் போகப்போகிறான். ஆனாலும் சாவியைத் திருப்பக் கை வரவில்லை. கண்ணாடியை இறக்கினான். உப்புக்காற்று முகத்தில் அறைந்தது.

"அப்போ... நான் உன்னைப் பாக்கணும்னா?"

"தாராளமா வாங்கோ. முன்னாடியே போன் பண்ணிடுங்கோ, ரூம் இருக்கான்னு பாத்துச் சொல்றேன்."